அலைமேல் வேகம் பிடிப்பது எப்படி: சர்ஃபிங் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பலகையில் எழுந்து நிற்கப் பழகிவிட்டீர்கள். உடைந்த நுரையோடு நேராகக் கரைக்கு வந்து இறங்குவதும் கைவந்துவிட்டது. அடுத்து, உடையாத அலையின் சரிவில் பக்கவாட்டாக ஓட வேண்டும். பெரும்பாலானவர்கள் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வது இங்கேதான். எழுந்து நின்றதும் அலை பலகைக்கு அடியில் நழுவி முன்னே போய்விடுகிறது. அல்லது பின்னாலிருந்து நுரை வந்து காலை வாரிவிடுகிறது. அல்லது பலகை கீழே இறங்கித் தட்டைத் தண்ணீரில் நின்றுவிடுகிறது. மூன்றிலும் குறை ஒன்றுதான்: வேகம் போதவில்லை.

வேகம் குறைகிறது என்று தோன்றியதும் புதியவர்கள் உடலை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள், கையை வீசுவார்கள், நின்ற இடத்திலேயே பலகையைக் குதிக்க வைப்பார்கள். பலகை இன்னும் மந்தமாகிவிடும். அலையின் எந்த இடத்தில் பலகை நிற்கிறது என்பதுதான் வேகத்தின் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. காலால் செய்யும் வேலை அதன்மேல் கொஞ்சம் கூட்டித் தரும், அவ்வளவே. அதனால் முதலில் இடம், பிறகு கால் என்ற வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் பயிற்சிக்காலம் வீணாகும்.

வேகம் எங்கே இருக்கிறது

சுமார் 1 மீட்டர் உயரமுள்ள, இடுப்பளவு அலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அது உடையத் தொடங்கும். அந்த ஆழத்தில் அது கரையை நோக்கி மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. படுத்துக்கொண்டு கையால் துழாவும் புதியவருக்கு மணிக்கு 4, 5 கிலோமீட்டர்தான் கிடைக்கும். மீதியை அலையின் சரிவு கொடுத்தாக வேண்டும். 1 மீட்டர் உயரத்திலிருந்து வழுக்கி இறங்கினால், உராய்வைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், மணிக்கு 16 கிலோமீட்டர் வரை கிடைக்கும். அதாவது உயரம்தான் கையிருப்பு. அடிவாரத்துக்கு இறங்கியதும் அது முழுவதும் செலவாகிவிடும். மறுபடி மேலே ஏறாதவரை புதிதாக எதுவும் சேராது.

இவ்வளவு வேகம் எதற்கு? அலை கரையை நோக்கி 13 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அதன் உடைப்பும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்க ஓட்டமும் 13 கிலோமீட்டராக இருந்தால், நுரைக்கு முன்னால் தங்க உங்களுக்கு மணிக்கு 18 கிலோமீட்டர் வேண்டும். உடைப்பு இருமடங்கு விரைந்து, 26 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் உங்களுக்கு 29 தேவைப்படும். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில் ஒன்று சுகமாக இருப்பதும் மற்றொன்று பிடிபடாமல் போவதும் இதனால்தான். எல்லா இடமும் ஒரே நேரத்தில் இடிந்து விழும் அலையில், அதாவது க்ளோஸ்-அவுட்டில், எந்த நுட்பமும் உதவாது.

அலையின் உறுப்புகளுக்குக் கடற்கரையில் புழங்கும் பெயர்களையே இங்கும் எடுத்துக்கொள்வோம். முதலில் உடையும் உச்சி பீக். மேலே கவிழும் விளிம்பு லிப். உடைந்த நுரைக்கு அடுத்தபடியாக, மிகச் செங்குத்தாக நிற்கும் பகுதி பாக்கெட். அதற்கும் அப்பால் சாய்வு குறைந்து தணிந்து போகும் பகுதி ஷோல்டர். பாக்கெட்டில்தான் வேகம் அதிகம். சரிவு அங்கே செங்குத்தாக இருப்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது இன்னொன்று: அங்கே தண்ணீர் கீழிருந்து மேலே வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. பலகை கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டே இருக்க, அடியிலுள்ள தண்ணீர் அதை மேலே தூக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உயரத்தை இழக்காமல் நூறு மீட்டர்கூட இறங்கிக்கொண்டே போக முடிகிறது. ஷோல்டரில் இந்த ஏற்றம் பலவீனம். அடிவாரத்தில் அனேகமாக இல்லை.

இதை மனத்தில் ஏற்றிக்கொண்டால் கீழே வருகிற எல்லாப் படிகளுக்கும் காரணம் விளங்கும்.

எந்தக் கடல், எந்த நேரம்

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கற்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, அலை தெற்கிலிருந்து வருகிறது. கரை மேற்கே இருப்பதால், கரையைப் பார்த்து நிற்பவருக்கு அலை வலப்பக்கமாக, அதாவது வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். இதை ரைட் என்பார்கள். காலையில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்று சரிவை வழவழப்பாக வைத்திருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் சரிவில் சிற்றலைகள் கிளம்பும். பலகை தடதடவென்று அடித்துக்கொள்ளும், வேகம் போகும். வேகம் பழக விடியற்காலைதான் நேரம். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த உலக சர்ஃப் லீகின் தகுதிச்சுற்றுப் போட்டியும் இந்தப் பருவத்தில்தான் வந்தது.

இலங்கையின் கிழக்குக்கரையில் அறுகம்பையிலும் பொத்துவிலிலும் இதே காலத்தில்தான் நீளமான ரைட் அலைகள் ஓடுகின்றன. முனையைச் சுற்றி வளைந்து வரும் அலை என்பதால் உடைப்பு ஒழுங்காக ஓடும்; ஒரே அலையில் ஐந்தாறு முறை ஒரே செயலைச் செய்து பார்க்கலாம். ஆனால் அறுகம்பையின் பிரதான முனையில் அடியில் பாறை, மேலே கூட்டம். புதியவர்கள் பக்கத்திலுள்ள மணற்பாங்கான இடங்களில் தொடங்குவது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக்காற்றுக் காலத்தில், தமிழகக் கிழக்குக்கரை புதியவர்களுக்கு ஆகாது. அலை பெரிது, ஒழுங்கில்லை, நீரோட்டம் கடுமை. இந்தப் படிகளைப் பழக இடுப்பிலிருந்து மார்பு வரை உயரமுள்ள அலை போதும். முழங்காலுக்குக் கீழே இருந்தால் சரிவே இருக்காது.

பலகை

புதியவர்கள் வாங்கும் தவறான பலகைதான் பலருடைய வேகத்தைத் தொடக்கத்திலேயே கெடுக்கிறது. போட்டி வீரர்களின் 5 அடி 10 அங்குலப் பலகையைப் பார்த்து ஆசைப்பட்டு அதையே வாங்கிவிடுகிறார்கள். அது மெலிது, முன்னும் பின்னும் நன்றாக வளைந்து மேலெழும்பியிருக்கும். அந்த வளைவுக்கு ராக்கர் என்று பெயர். ராக்கர் அதிகமானால் செங்குத்தான அலையில் மூக்கு, அதாவது பலகையின் முன்முனை, குத்தாது, திருப்பமும் எளிது. ஆனால் இடுப்பளவு அலையில் அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், வழுக்காது. நடுவில் தட்டையான பலகைதான் சின்ன அலையில் ஓடும்.

பலகையின் கனஅளவை லிட்டரில் எழுதியிருப்பார்கள். உங்கள் எடை 65 கிலோ என்றால் 65 லிட்டருக்குக் குறையாமல் எடுங்கள். கூட இருந்தாலும் கெடுதலில்லை. 7 முதல் 8 அடி நீளத்தில், மேலே ஸ்பாஞ்ச் பரப்புள்ள பலகை பள்ளிகளில் வாடகைக்கே கிடைக்கும். 

வாடகைப் பலகையை எடுக்குமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். பலகையின் பின்பக்கம் அடியில் மீன் துடுப்புபோல் நிற்கும் ஃபின்களைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த ஃபின் ஓட்டத்தில் நடுங்கும், பலகை இழுபடும். விளிம்பில், அதாவது ரெயிலில், விரிசல் இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறிப் பலகை கனத்துவிடும். காலையும் பலகையையும் இணைக்கும் லீஷ் கயிறு பலகையின் நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மிக நீளமான கயிறு பின்னால் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே வரும். கால் வழுக்காமலிருக்க வாக்ஸ் (மெழுகு) தடவும் பலகையென்றால் வெப்பக்கடலுக்கான ட்ராபிகல் வாக்ஸ்தான் வேண்டும். நம் கடலில் தண்ணீர் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். குளிர்கடல் வாக்ஸ் அதில் இளகிக் குழையும், கால் வழுக்கும்.

அலையைப் பிடித்து எழுந்து நிற்றல்

வேகம் எழுந்து நிற்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பலகையில் படுத்திருக்கும்போது மூக்கு தண்ணீருக்கு மேலே 3 முதல் 5 சென்டிமீட்டர் தெரிய வேண்டும். அதற்கு மேல் தூக்கியிருந்தால் நீங்கள் பின்னால் படுத்திருக்கிறீர்கள். வால், அதாவது பலகையின் பின்முனை, தண்ணீரை வாரிக்கொண்டு வரும். மூக்கு தண்ணீரைத் தொட்டால் முன்னால் வந்துவிட்டீர்கள். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் நெஞ்செலும்பு எங்கே படுகிறது என்று பலகையில் வாக்ஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எழும்போது முன்கால் வந்து விழ வேண்டிய இடமும் ஏறத்தாழ அதுதான்.

அலை உங்களுக்குப் பின்னால் மூன்று பலகை நீளத்தில் இருக்கும்போது துழாவத் தொடங்குங்கள். முதலில் நிதானமாக, பிறகு ஆறு முதல் எட்டு வலுவான துழாவல். வால் தூக்கப்படுவதை உணர்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அந்த இடத்தில் நிறுத்துவதுதான் மிகச் சாதாரணமான பிழை. வால் எழும்பியது என்றால் அலை வந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். பலகை இன்னும் வழுக்கத் தொடங்கவில்லை. மேலும் இரண்டு துழாவல் போட்டு, மூக்கு கீழே சாய்ந்து பலகை தானாக ஓடுவதை உணர்ந்த பிறகு எழுங்கள்.

எழுவதற்கு முன்பே மூக்கை அலை ஓடும் பக்கம் 20, 30 டிகிரி திருப்பிவிடுங்கள். ரைட் அலையில் கடைசி இரு துழாவலை இடக்கையால் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டு, வலப்பக்கம் பார்த்தால் பலகை தானே திரும்பும். நேராகக் கீழே இறங்கினால் எல்லா உயரத்தையும் ஒரே மூச்சில் செலவழித்து, தட்டைத் தண்ணீரில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து திரும்பிப் பார்க்கும்போது நுரை உங்களைத் தாண்டியிருக்கும். சாய்வாக எழுபவர் முதல் நொடியிலேயே சரிவின் மேற்பாதியில் இருக்கிறார்.

எழும்போது உள்ளங்கைகளை விலாவின் கீழ்ப்பக்கம் பலகைமேல் தட்டையாக வையுங்கள். ரெயிலைப் பிடித்தால் பலகை ஒருக்களித்துவிடும். முழங்காலூன்றி எழும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அதில் போகும் ஒரு நொடியில் பாக்கெட் உங்களைக் கடந்துபோய்விடும்.

நிற்கும் நிலை

கால்களுக்கு இடையே தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி. முன்பாதம் 45 டிகிரி முன்னோக்கி, பின்பாதம் பலகைக்குக் குறுக்கே. முழங்கால்கள் மடங்கியிருக்க வேண்டும். பின்முழங்கால் வெளியே விரியாமல் உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இடுப்பை மடித்து முதுகைக் குனிந்து, காலை நேராக வைத்துக்கொண்டு தாழ்ந்து நிற்பதாக நினைப்பவர்கள் ஏராளம். அப்படி நின்றால் பிட்டம் பின்னால் தள்ளும், எடை பின்காலுக்குப் போகும். பின்கால் கனத்தால் வால் அமிழும், மூக்கு எழும், பலகையின் அடிப்பகுதி தண்ணீரைத் தடுத்துத் தள்ளத் தொடங்கும். புதியவர்களின் வேகம் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

நேராக ஓடும்போது எடையில் நூற்றுக்கு 60 பங்கு முன்காலில் இருக்கட்டும். திருப்பும்போது மட்டும் அது பின்காலுக்கு மாறும், திருப்பம் முடிந்ததும் திரும்பிவர வேண்டும். 8 அடிப் பலகையில் பின்காலை ஃபின்களுக்கு மேலேயே ஊன்றிவைத்தால் ஓட்டம் கிடைக்காது. நேர் ஓட்டத்தில் ஒரு சாண் முன்னே நகர்ந்து நில்லுங்கள்.

பார்வை போகும் இடத்துக்குத்தான் பலகை போகும். காலைக் குனிந்து பார்த்தால் தோள் மடங்கும், பலகை கீழே இறங்கும். இரண்டு மூன்று பலகை நீளத்துக்கு முன்னால், லிப்பின் விளிம்பைப் பாருங்கள்.

மேல்கோடு பிடித்தல்

பம்ப் செய்ய, அதாவது காலால் தள்ளி வேகம் சேர்க்க, கற்பதற்கு முன் இதைக் கற்க வேண்டும். இதற்கு ட்ரிம் என்று பெயர்: அலையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் பலகையை நிறுத்தி, அது தானாக ஓடும்படி விடுவது. பார்ப்பதற்கு எதுவும் செய்யாமல் நிற்பதாகத் தெரியும். நல்ல சர்ஃபரை அடையாளம் காட்டுவது இந்தத் திறமைதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

சாய்வாக எழுந்ததும் அடிவாரம் வரை இறங்காதீர்கள். சரிவில் பாதி, அல்லது மூன்றில் இரண்டு பங்கு இறங்கியதும் அலைப்பக்க ரெயிலை மெல்ல அழுத்துங்கள். இடக்காலை முன்வைத்து நிற்பவர் ரெகுலர். ரைட் அலையில் அவர் முகம் அலையைப் பார்க்கும், எனவே அழுத்த வேண்டியது கால்விரல் பக்கம். வலக்காலை முன்வைப்பவர் கூஃபி. அதே அலையில் அவர் முதுகு அலைக்கு, அழுத்த வேண்டியது குதிகால் பக்கம். பலகை மேலே ஏறத் தொடங்கும். மேல் பங்கை எட்டியதும் அழுத்தத்தைக் குறைத்து, முன்காலில் எடையைப் போடுங்கள். ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் ஒரு கோட்டில் பலகை நிற்கும் அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள். விரலின் அழுத்தத்தைச் சிறிது கூட்டியும் குறைத்தும்தான் அதைப் பிடித்துவைக்க முடியும்.

ரெயிலை அதிகம் அழுத்தினால் பலகை லிப்பைத் தாண்டி அலையின் பின்பக்கம் வெளியேறிவிடும். போதாவிட்டால் கீழே வழுக்கும். இரண்டும் நடக்கத்தான் செய்யும். முதல் சில காலைகளுக்கு இது ஒன்றை மட்டும் செய்யுங்கள்: பம்ப் வேண்டாம், திருப்பம் வேண்டாம், மேல்கோட்டில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.

பம்ப்

அலை முன்னால் சற்றுத் தணிகிறது, ஆனால் அதற்கப்பால் மீண்டும் செங்குத்தாக நிற்கிறது. நடுவிலுள்ள மந்தமான பகுதியைக் கடக்க, மேல்கோட்டில் கிடைக்கும் வேகம் போதாது. அங்கே வேண்டியது பம்ப்: சரிவில் சின்னச் சின்னதாக இறங்கி ஏறி, ஒவ்வொரு வளைவிலும் காலால் தள்ளி வேகம் சேர்ப்பது.

ஊஞ்சலில் நின்று உந்துபவரைக் கவனியுங்கள். மேல்முனையில் குந்துகிறார், கீழே வரும்போது காலை நீட்டி நிமிர்கிறார். ஆட்டம் கூடுகிறது. வளைவின் அடியில் உடல் கனமாக இருக்கும். அந்தக் கனத்துக்கு எதிராகக் காலை நீட்டும்போதுதான் உங்கள் உழைப்பு வேகமாக மாறுகிறது. அலையிலும் இதே கணக்கு.

1. மேல்கோட்டிலிருந்து தொடங்குங்கள். மூக்கைச் சற்றே கீழே திருப்பி, முன்காலில் எடையைப் போட்டு இறங்குங்கள். இறங்கும்போது முழங்கால் நன்றாக மடியட்டும்.

2. சரிவின் பாதியில், அடிவாரத்தைத் தொடுவதற்கு முன்பே, அலைப்பக்க ரெயிலில் சாய்ந்து பலகையை மேலே திருப்புங்கள். திரும்பும் அந்தக் கணத்தில் காலின் கீழ் அழுத்தம் கூடுவதை உணர்வீர்கள். அப்போது காலை நீட்டித் தள்ளுங்கள்.

3. பலகை ஏறும். தள்ளிய விசையால் உடல் மேலெழும், பலகைமேல் உங்கள் எடை குறையும். இப்போது முழங்கால்களை மார்பை நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்துக் கை லிப் ஓடும் திசையைக் காட்டட்டும்.

4. எடை குறைந்திருக்கும்போதே மூக்கை மீண்டும் கீழே திருப்பி, முன்காலால் அழுத்தி இறங்குங்கள்.

நான்கும் சேர்ந்து ஒரு பம்ப். மார்பளவு அலையில் இது ஒன்று அல்லது ஒன்றரை நொடியில் முடிந்துவிடும். ஏறி இறங்கும் உயரம் சரிவின் நடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து மேல் பங்கு வரைதான். புதியவர்கள் இதைப் பெரிதாகச் செய்து அடிவாரம் வரை போய்விடுகிறார்கள். அங்கே ஒருமுறை சிக்கினால் ஏறிவர இரண்டு பம்ப் செலவாகும்.

எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்கக் கரையிலிருந்து யாரையாவது பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பலகை விட்டுச்செல்லும் தடம் நேர்கோடாக இருந்தால், நீங்கள் குதிக்கிறீர்கள், வளைவே இல்லை. மூக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீரிலிருந்து ஓரடி எழும்பினால் பின்கால் கனக்கிறது. தடம் வளைவாக இருந்தும் வேகம் வரவில்லையென்றால், காலை நீட்டும் நேரம் பிந்துகிறது: பலகை ஏறி முடிந்த பிறகு தள்ளுகிறீர்கள். கைகள் தலைக்கு மேலே போய்வந்தால் தோள் ஆடுகிறது, இடுப்பு வேலை செய்யவில்லை. கைகளை இடுப்பு உயரத்தில், பலகையின் பரப்புக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அலை செங்குத்தாக நிற்கும்போது பம்ப் செய்யாதீர்கள். அங்கே மேல்கோட்டில் நின்றாலே வேகம் தானாக வரும்; ஆட்டினால் ரெயில் பிடி விட்டுப்போகும். இரண்டு மூன்று பம்ப், பிறகு ஒரு பார்வை, தேவையென்றால் மீண்டும் என்ற பழக்கம் நல்லது.

முன்னால் அலை விழும்போது

ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு துண்டு இடிந்து விழும். அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். சுவர் நிற்கிறது, லிப் இன்னும் கவிழவில்லை என்றால் மேலே இருங்கள். மேல்கோடுதான் மிக வேகமான பாதை. ஏற்கெனவே விழுந்து முழங்காலளவு நுரையாகக் குமிழ்கிறது, அதற்கு அப்பால் சுத்தமான சுவர் தெரிகிறது என்றால், இருக்கும் உயரம் முழுவதையும் செலவழித்துக் கீழே இறங்குங்கள். நுரையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி, நுரை முடியும் இடத்தில் பாட்டம் டர்ன், அதாவது அடிவாரத் திருப்பம், போட்டு மேலே ஏறுங்கள். இடையில் தயங்கி நடுச்சரிவில் நின்றால் நுரை பலகையின் நடுவில் அடிக்கும். சுவர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றாகக் கவிழ்கிறது என்றால் வேகத்தை மறந்துவிடுங்கள். நேரம் இருந்தால் லிப்புக்கு மேலே ஏறி வெளியேறுங்கள். இல்லையென்றால் கரையை நோக்கித் திரும்பிப் படுத்துவிடுங்கள்.

வேகத்தைக் காப்பாற்றுதல்

நன்றாக ஓடப் பழகியவர் அடுத்துச் செய்யும் தவறு, ஓடிக்கொண்டே இருப்பது. உடைப்பைவிட வேகமாகப் போனால் ஷோல்டருக்கு வந்துவிடுவீர்கள். அங்கே சரிவு தணிந்திருக்கும், ஐந்து மீட்டருக்குள் பலகை நின்றுவிடும். வேகம் இருக்கும்போதே பாக்கெட்டுக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திருப்பம்தான் கட்பேக். காலின் கீழ் அழுத்தம் இளகுவதை உணர்ந்ததும் தொடங்குங்கள். பலகை மந்தமான பிறகு தொடங்கினால் ரெயில் அமிழ்ந்து, அங்கேயே விழுவீர்கள்.

ரெகுலர் நிலையில், ரைட் அலையில்: தலையை இடப்பக்கம் திருப்பி, பின்னால் வரும் நுரையைப் பாருங்கள். முன்தோள் அந்தப் பக்கம் திறக்கட்டும். எடையைக் குதிகால் ரெயிலுக்கு மாற்றி, பின்காலை அழுத்துங்கள். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். பலகை அரைவட்டமாகத் திரும்பி நுரையை நோக்கி வரும். நுரைக்கு ஒரு பலகை நீளம் முன்பே மீண்டும் விரல் பக்கம் சாய்ந்து, பழைய திசைக்குத் திருப்புங்கள். முதலில் முழு அரைவட்டம் வேண்டாம், மெல்லிய இரட்டை வளைவு போதும். திருப்பத்தின் நடுவே ரெயிலை விட்டுவிட்டுப் பலகையைத் தட்டையாக்கினால் ஃபின்கள் நழுவும், சேர்த்த வேகம் முழுவதும் பக்கவாட்டில் வழிந்துவிடும். ஒரு ரெயிலிலிருந்து மறு ரெயிலுக்கு இடைவெளியில்லாமல் மாறுவதுதான் வேகத்தைக் காக்கும்.

கூஃபி நிற்பவர்களுக்கு நம் கிழக்குக்கரை கொஞ்சம் கடினம். பெரும்பாலான அலைகளை முதுகு காட்டித்தான் ஓட வேண்டும். குதிகாலில் கால்விரல் அளவுக்கு நுண்மையான கட்டுப்பாடு கிடைக்காது. அதற்கு ஈடாக முழங்காலை இன்னும் ஆழமாக மடித்து, முன்தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி லிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பார்வை விலகினால் பலகை உடனே கீழே இறங்கும். பம்ப் சின்னதாக, அடிக்கடி. மேல்கோடு பிடிபட ரெகுலர் நிற்பவரைவிடக் கூடுதல் நாளாகும். அதை எதிர்பார்த்தே பழகுங்கள்.

வேகம் வந்தபின் பொறுப்பும் கூடுகிறது. பீக்குக்கு மிக அருகில் எழுந்தவருக்கே அந்த அலை சொந்தம். அவருக்கு முன்னால் ஷோல்டரில் எழுந்தால், மணிக்கு 20 கிலோமீட்டரில் வருபவருக்கு விலக இடமிருக்காது. துழாவி வெளியே போகிறவரைக் கண்டால் அவருக்குப் பின்னாலுள்ள இடத்தைக் குறிவையுங்கள். மீன்பிடிப் படகுகள் கரையேறும் வழியிலும், வலை போட்டிருக்கும் இடத்திலும், கல் கொட்டிய தூண்டில் வளைவுகளின் பக்கத்திலும் பழகாதீர்கள். விழும்போது தட்டையாக, ஆழமில்லாத தண்ணீரில் குதிப்பதாக நினைத்து விழுங்கள். மேலே வரும்போது ஒரு கை தலைக்கு மேல் இருக்கட்டும்.

தரையில் பழகுதல்

கடலில் ஒரு காலையில் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல அலை பத்துக்குள்தான் இருக்கும், ஒவ்வொன்றும் சில நொடிகள். அந்த நேரத்தில் உடலுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பது சிரமம். அதனால் பம்பின் தாளத்தைத் தரையில் பழகுங்கள். முன் அச்சு பக்கவாட்டில் நன்றாகத் திரும்பும் சக்கரப் பலகையான சர்ஃப்ஸ்கேட் இதற்கென்றே வந்தது. வண்டி போகாத, சமதளமான சிமென்ட் தரையைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கவசமும் முழங்கால் உறையும் அவசியம். ஒருமுறை காலால் தள்ளிவிட்டு, பிறகு கால் தரையில் படாமல், வளைவில் மடிந்து நிமிர்ந்து மட்டுமே ஓட்டத்தைக் காப்பாற்றுங்கள். 20 மீட்டர் போக முடிந்தால் தாளம் பிடிபட்டுவிட்டது. தோளும் இடுப்பும் முதலில் திரும்பி, கால் அதைப் பின்தொடர வேண்டும். கணுக்காலை மட்டும் ஆட்டி ஓட்டினால் அந்தப் பழக்கம் கடலுக்கும் வந்துவிடும்.

சர்ஃப்ஸ்கேட் இல்லாவிட்டால் மணலில் பலகையின் உருவத்தைக் கோடாக வரைந்து, அதன்மேல் எழுந்து நிற்பதைப் பழகுங்கள். ஃபின் உடையும் என்பதால் பலகையையே மணலில் வைத்துப் பழக வேண்டாம். ஒவ்வொரு முறையும் எழுந்தபின் பாதம் எங்கே விழுந்தது என்று பாருங்கள். முன்கால் நெஞ்செலும்புக் கோட்டைவிட ஒரு சாண் பின்னால் விழுந்துகொண்டே இருந்தால், கையை ஊன்றும் இடத்தை மாற்ற வேண்டும்: உள்ளங்கைகளை இன்னும் இரண்டு விரல் அளவு கீழே, விலாவின் கடைசி எலும்புக்கு நேராக வைத்து மீண்டும் எழுந்து பாருங்கள்.